ஆறு நாற்பத்து நாலுக்கு நிறுத்தச் சொல்லியிருந்தேன்

சாகுல் மாப்ளைக்கு,

நீ இருந்திருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். 'கடைக்கு வாலே' என்று போனில் ஒரு வார்த்தை. நீயும் அரை மணி நேரம் பிந்தி, கையில் வடைப் பொட்டலத்தோடு வந்து நின்றிருப்பாய். இப்போது அந்த வழி இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியதை ஊரும் படிக்கட்டும் என்று வெளியே விடப் போகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த ஆடிக்குச் சாரல் நிற்கவே இல்லை. ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டு மூன்று நாளாகிறது. ஈரம் ஏறி, நம் மைக் செட் கடையில் இரண்டு ஸ்பீக்கர் பூஞ்சை பிடித்துவிட்டது. நீ ஆசைப்பட்ட பெரிய மிக்ஸரை நான் வாங்கவில்லை. கோயில்காரர்கள் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள். பள்ளிவாசலில் சுரண்டையிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து மைக் மாட்டிக்கொண்டார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தியபோது ஒரே ஆம்ப்ளிஃபையர் ஆடியில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கும் போகும், அடுத்த மாதம் தர்கா கந்தூரிக்கும் போகும். இனி அது நடக்காது.

உன் படம் தெருமுனையில் ஃப்ளெக்ஸாக நிற்கிறது. பாலிடெக்னிக் அடையாள அட்டைக்கு எடுத்த படம். என் கட்டம் போட்ட சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போய் எடுத்தாயே, அதுதான். கீழே உன்னைத் தியாகி என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்து வாட்ஸ்அப்பிலும் இதே படம்தான் சுற்றுகிறது. அங்கே நீ சாமி வண்டியில் ஏறி ஒயரைப் பிடுங்கிய கலவரக்காரன். இரண்டு இடத்திலும் என் சட்டை. இரண்டும் பொய் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். பத்து மாதமாக வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் வருடத்தில் நடந்த பேச்சுப் போட்டி நினைவிருக்கிறதா? 'மதம் வளர்ப்பது வன்முறையையா, சமாதானத்தையா?' நான் வன்முறை என்று பேசினேன். உனக்குச் சமாதானம் என்று சீட்டு விழுந்தது. நான் உலகத்துச் சண்டையை எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். நீ மேடையில் தடுமாறி, "ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டும் தெரியாது, ஏச்சும் தெரியாது. உள்ள போறத பெருசாக்கி வெளிய விடும். மதமும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாய். எனக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "ஜெயிச்சது நீ. டப்பாவுல சோறு எனக்கு." அந்த டப்பா இன்னும் கடையில் கிடக்கிறது. ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறேன்.

அன்று நான் எவ்வளவு சுலபமாகப் பேசினேன்! யாரோ எங்கோ எறிந்த கல்லைப் பற்றி நாலு நிமிடம் பேச யாருக்குத்தான் வராது?

இனி சொல்வது உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கொடை அன்று சாயங்காலம் அம்மன் சப்பரம் பள்ளிவாசல் தெரு வழியாகத்தான் போகும். பாங்கு சொல்லும் நேரத்தில் அங்கே வந்தால் மேளமும் நம் ரேடியோ செட்டும் நிற்கும். தொழுகை முடிந்ததும் மறுபடி தொடங்கும். இதற்காகக் கொடைக்கு முந்தின நாள் கோயில் தலைவர் அண்ணாச்சி வெற்றிலைத் தட்டோடு பள்ளிவாசலுக்குப் போய், "நாளைக்கு மஃரிப் எத்தன மணிக்கு?" என்று அந்தித் தொழுகை நேரத்தைக் கேட்பார். தொழுகை நேரம் அச்சடித்த காலண்டர் தெருவில் பாதிக் கடைகளில் தொங்குகிறது. இருந்தும் கேட்பார். அவர்களும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட மாதிரி பார்த்துச் சொல்வார்கள். பிறகு டீ வரும். யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் துபாயிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் போகும். மறுநாள் நீ பள்ளிவாசல் வாசலில் நின்று தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வீசுவாய். சப்பரத்தோடு போகும் ரேடியோ வண்டியில் இருக்கும் நான் சத்தத்தை இறக்குவேன்.

எனக்கு இது பொறுக்கவில்லை. சுவரில் எழுதித் தொங்குவதை ஒரு ஊரே போய்க் கேட்டுவிட்டு வருமா? டிப்ளமோ படித்த இரண்டு பேர் துண்டு வீசிக்கொண்டு நிற்கலாமா? ஒரு டைமர் செய்தேன். கைப்பெட்டி அளவு. ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் மாட்டினால், சொன்ன நேரத்துக்குத் தானாக லைனை அறுத்து, கால் மணி நேரம் கழித்துத் தானாகச் சேர்க்கும். ஆடிக் கடைசியில் கொடை. மஃரிப் ஆறு நாற்பத்து நாலு. அதைப் போட்டேன். தலைவர் அண்ணாச்சியிடம், "இனிமே நீங்க அங்கன போயி நிக்க வேண்டாம் அண்ணாச்சி. மனுசன் மறப்பான், மெசின் மறக்காது" என்றேன். அவருக்கு முழங்கால் வலி. சரி என்றுவிட்டார்.

நீதான் முனகினாய். "அவரு கேக்க வரலன்னா எங்க ஆளுங்க என்னமோன்னு நெனைப்பாங்கலே."

"நெனைச்சா நெனைக்கட்டும். சத்தம் நிக்குதா இல்லையா, அதான வேணும்?"

கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணாச்சியின் தமையன் இறந்துபோனார். தீட்டு. கொடையைப் புரட்டாசிக்குத் தள்ளினார்கள். புரட்டாசியில் பொழுது சீக்கிரம் சாயும். மஃரிப் ஆறு பதினேழு. நான் டைமரில் தேதியை மாற்றினேன். நேரத்தை மாற்றவில்லை.

அவ்வளவுதான் மாப்ள. இதற்கு மேல் எந்தச் சதியும் கிடையாது.

முந்தின நாள் அண்ணாச்சி கேட்கப் போயிருந்தால் ஆறு பதினேழு என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். அது என் காதுக்கு வந்திருக்கும். போக வேண்டாம் என்று தடுத்தவன் நான்.

கொடை அன்று நான் வண்டியிலும் இல்லை. அதுதான் மெஷின் இருக்கிறதே! குற்றாலத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக் கட்டப் போய்விட்டேன். குட்டியானை வண்டி டிரைவர் கொம்பையாவிடம், "எதையும் தொடாதீரும், எல்லாம் தானா நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆறு பத்துக்கு நீ போன் போட்டாய்.

"ஏலே இசக்கி, எங்க இருக்கே? சப்பரம் திரும்பிட்டு. பாங்குக்கு நேரமாச்சு."

"டைமர் போட்ருக்கேம்லா. அது பாத்துக்கிடும்."

"நீ வண்டில இல்லியா?"

"குத்தாலத்துல கெடக்கேன். ஒரு வேல ஒழுங்கா பாக்க விடுதியா நீ? வையிலே."

"சரிலே, கோவப்படாத. நீ இருந்தா நல்லாருக்கும்னு சொன்னேன்" என்றாய். அதற்குள் நான் வைத்துவிட்டேன். உன் கடைசி வார்த்தையைப் பாதிதான் கேட்டேன். மீதி நானாக நிரப்பிக்கொண்டதோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

பிறகு நடந்ததைக் கொம்பையாவும் சப்பரத்து மேளத்தில் வந்த தவில்காரரும் சொல்லித்தான் தெரியும். பாங்கு தொடங்கியது. வண்டியில் பாட்டு நிற்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து ஐந்தாறு பையன்கள் ஓடி வந்து, "வேணும்னே பண்ணுதானுவ, கேக்கக்கூட வரலல்லா இந்த வருசம்!" என்று கத்தினார்கள். கொம்பையா பயந்துபோய்க் கையில் கிடைத்ததைத் திருகினார். சத்தம் கூடிவிட்டது. நீ பள்ளிவாசல் மைக் அறையிலிருந்து ஓடி வந்து வண்டியில் ஏறி ஒயரைப் பிடுங்கினாய். தெருவில் பாங்கு மட்டும் கேட்டது. அதற்கு நடுவே சப்பரத்துப் பக்கமிருந்து ஒருத்தன், "சாமி வண்டியில கை வச்சுட்டான்லே!" என்றான்.

கல் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. உன் காதுக்கு மேல் பட்ட கல் எந்தப் பக்கத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கீழே சாக்கடை மேல் போட்ட கல்பலகையில் விழுந்தாய். தவில்காரர் தவிலைத் தெருவில் போட்டுவிட்டு உன்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். மோதினார் பாங்கைப் பாதியில் விட்டு ஓடி வந்து உன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஆம்புலன்ஸில் மாற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனார்கள். வழியில் ஆலங்குளம்கூட நீ தாண்டவில்லை.

இதைப் படித்ததும், 'பார்த்தீர்களா, மதம் அன்பைத்தான் போதிக்கிறது' என்று ஒரு கூட்டம் கிளம்பும். கிளம்ப வேண்டாம். கல்லெறிந்தவனும் அன்று விரதம் இருந்தவன்தான், தொழ வந்தவன்தான். தவில்காரரையும் மோதினாரையும் எந்த ஃப்ளெக்ஸிலும் காணோம். கல்லுக்குத்தான் ஃப்ளெக்ஸ். நீ சொன்ன ஆம்ப்ளிஃபையர் கணக்கை யோசித்துப் பார்த்தேன். பாதிதான் சரி. உள்ளே ஒன்றும் போகாதபோதும் ஒரு ஆம்ப்ளிஃபையரில் சன்னமாக இரைச்சல் இருக்கும். கூட்டி வைத்தால் அதுவே ஊரைப் பிளக்கும். நம் தெருவில் அந்த இரைச்சல் எப்போதும் இருந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு முழங்கால் வலிக்காரர் தட்டோடு போய்க் கேட்டு அதைக் குறைத்து வைத்திருந்தார். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

அன்று நான் குற்றாலத்திலிருந்து வந்து சேர்ந்தபோது வண்டியைச் சுற்றிப் போலீஸ். 'வண்டிக்காரன்' என்று சொல்லி ஏறினேன். டைமரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். யாரும் கேட்கவில்லை. மிக்ஸரில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கொம்பையா மேல் வழக்கு. வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டிக் கலவரம் தூண்டினாராம். ஜாமீனில் வந்து கடையத்து வீட்டுக்கும் கோர்ட்டுக்குமாக அலைகிறார். போன மாதம் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "தம்பி, நீங்க தொடாதன்னு சொன்னீயள்லா, அத மட்டும் வந்து சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போனேன். உம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "ஏய்யா இசக்கி, அவன் கடைசியா ஒனக்குத்தான் போன் போட்டிருக்கான். என்னய்யா சொன்னான்?" என்று கேட்டார்கள்.

"சிக்னல் இல்ல உம்மா. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"கேட்டிருந்தா வந்திருப்பேல்லா" என்று என் தலையைத் தடவினார்கள்.

அதற்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

இந்த வருடம் கொடை மறுபடி ஆடிக்கே வந்துவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை. நாளை காலை பதினோரு மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். தெருவழி கூடாது என்று ஒரு பக்கம், தெரு யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் உன் படத்தைக் கொண்டு வருவார்கள். ரேடியோக்காரன் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நேற்று டைமரை எடுத்துத் தேதியை மட்டும் அன்றைக்கு மாற்றிக் கரண்டில் சொருகிப் பார்த்தேன். உள்ளே பேட்டரி இருப்பதால் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. சாயங்காலம் கடைவாசலில் நின்றேன். பள்ளிவாசலில் மைக் கரகரத்தது. உள்ளே டைமர் 'டக்' என்று லைனை அறுத்தது. அதே நொடியில் பாங்கு. இந்த ஆடிக்கு அது சரியாகத்தான் இருக்கிறது மாப்ள. கொஞ்சமும் பிசகவில்லை. கடைக்குள் போய் ஷட்டரை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாளை என்ன செய்யப் போகிறேன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். காலையில் முதலில் உம்மாவிடம் போவேன். சிக்னல் இருந்தது, கேட்டது, நான்தான் வைத்துவிட்டேன் என்று சொல்வேன். அவர்கள் என் தலையில் வைத்த கையை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு தாலுகா அலுவலக மேசையில் டைமரை வைப்பேன். கொம்பையா தொடக்கூடாது என்று சொன்னவன் நான், நேரத்தைத் தப்பாகப் போட்டவன் நான், மறைத்தவனும் நான் என்று எழுதிக் கொடுப்பேன். இதனால் ஊர் அமைதியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. கல்லெறிந்தவர்களுக்கு என் டைமர் ஒரு சாக்காகவும் ஆகலாம். ஆனாலும் உன்னைத் தியாகி என்றும் கலவரக்காரன் என்றும் சொல்வதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இதைக் கேட்டாக வேண்டும்.

வியாழக்கிழமை, என்னை வெளியே விட்டு வைத்திருந்தால், வெற்றிலைத் தட்டோடு பள்ளிவாசல் படியில் போய் நிற்பேன். அண்ணாச்சி வந்தால் அவரோடு, வராவிட்டால் தனியாக. நாளைக்கு மஃரிப் எத்தனை மணிக்கு என்று கேட்பேன். எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் கேட்பேன். விரட்டினால் அடுத்த வருடமும் போய்க் கேட்பேன். யாராவது ஒருத்தர் வாய் திறந்து நேரம் சொல்லும்வரை கேட்பேன்.

உன் போனைப் பாதியில் வைத்த மாப்ள,
இசக்கிமுத்து