ஒரு கையெழுத்து பாக்கி

சித்தூர்
3-2-2025

அன்பு மருமகள் கேசியாவுக்கு,

சித்தூர் ஆலயப் பாடகர் குழுவின் முன்னாள் சக்கரவர்த்தியும் இந்நாள் டமாரச் செவிடனுமாகிய உன் மாமா சத்தியநாதன் எழுதிக்கொள்வது. இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னால், அது என் கையைத் தட்டிவிடும். ஆனாலும் சொல்லுவேன்.

உன் அம்மாவைப் பற்றி நீ எடுக்கும் படத்தில், 1994-ல் அவள் கேசட்டில் பாடிய பாட்டைச் சேர்க்க ஆட்சேபணை இல்லை என்று இரண்டு என்.ஓ.சி. வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒன்று, கேசட் போட்ட கங்கையாவிடம். இன்னொன்று, பாட்டை எழுதி மெட்டுப் போட்டவரிடம். கேசட் அட்டையில் யார் பேர்? சாட்சாத் என் பேர்!

கங்கையா திருப்பதிக் கடையை எப்போதோ மூடிவிட்டு, பாகாலாவில் மகன் வீட்டில் இருக்கிறார். போனேன். வாசலில் ஏழு நாய்கள், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி சைஸ். பாடலாம் என்று நான் வாயைத் திறந்ததுமே ஏழும் ஓட்டம். கங்கையா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: "ஏமய்யா மாஸ்டர், இன்னும் போய்ச் சேரலியா?"

"உன்ன உட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது?" என்றேன். சிரித்துக்கினே கையெழுத்துப் போட்டார்.

அந்த நாளைப் பேசினோம். திருமலை அடிவாரத்தில், அலிபிரி பக்கத்தில் அவருடைய சின்ன ரிக்கார்டிங் ரூம். உன் அம்மா ஜெயகுமாரி பாட ஆரம்பித்ததும் மலையேறிக்கினு இருந்த ஜனம் படியிலேயே நின்றுவிட்டது. பாகாலா ஜங்ஷனில் சிக்னல் விழுந்தும் மூன்று ரயில் நகரவில்லை. ஒரு குருவி மைக் மேல் உட்கார்ந்து கடைசிச் சரணம் வரை கேட்டது. அன்று காலை பாசஞ்சர் ரயிலில் நான் எழுதின பாட்டு, மை கூடக் காயவில்லை. அவள் பேப்பரையே பார்க்காமல் பாடினாள். ஒரே டேக்.

கங்கையாவின் கடிதம் இத்துடன். என் கையெழுத்து கஜானாவில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த தபாலில்.

உன் மாமா,
சத்தியநாதன்

*

திருப்பதி
8-2-2025

அன்புள்ள மாமா,

ஸ்தோத்திரம். கங்கையா சாரின் கடிதம் கிடைத்தது. இந்த வயதில் பாகாலா வரை போய் வந்தீர்களே, முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது, மெசேஜ் பாருங்கள் என்றால் மாட்டேன் என்கிறீர்கள். இந்தக் காலத்தில் தபாலுக்குக் காத்திருக்கிற ஒரே பெண் நான்தான்.

உங்கள் ஃபாரத்தை மறுபடி அனுப்புகிறேன். "இப்பாடலை இயற்றியவன் நானே" என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பட விழாவுக்கு 28-ம் தேதி கடைசி நாள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் அவள் ஒரு தாலாட்டு கூடப் பாடியதில்லை. அந்தக் கேசட்டை நான் போட்டால் எழுந்து வந்து நிறுத்துவாள். இவ்வளவு நன்றாகப் பாடினவள் ஏன் நிறுத்தினாள்? என் படமே அந்தக் கேள்விதான். அவள் குரல் என்று இருப்பது அந்த நாலு நிமிஷம் மட்டும்.

உங்கள்
கேசியா

*

சித்தூர்
14-2-2025

அன்பு மருமகளே,

ஒரு பெரிய விபத்து. ஃபாரத்தை மாடியில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். குரங்குப் படை ஒன்று, முந்நூறுக்குக் குறையாது, இறங்கி வந்து பேனாவைப் பிடுங்கிக்கினு போய்விட்டது. அதன் தலைவன் இப்போது தென்னை மரத்தில் உட்கார்ந்து கண்டவருக்கெல்லாம் அட்டெஸ்டேஷன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சரி, ஒரு யோசனை. அந்தப் பாட்டு இல்லாமல் படம் முடியாதா? வீணையோ புல்லாங்குழலோ வைத்துக்கொள்ளேன். பழைய கேசட், இரைச்சல் வேறு இருக்கும்.

வேளைக்குத் துன்னு. இளைத்துவிட்டாய் என்று, திருப்பதியில் உன்னைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்துவீட்டுக் கோவிந்தம்மாள் சொன்னாள்.

உன் மாமா,
சத்தியநாதன்

*

திருப்பதி
19-2-2025

மாமா,

இரைச்சலோடுதான் வேண்டும். பாட்டு ஆரம்பிக்கும் முன் அம்மா மூச்சு இழுப்பது கூட அதில் கேட்கிறது.

குரங்கு வேண்டாம், கதை வேண்டாம். உங்களுக்குக் கையெழுத்துப் போட மனசில்லை என்று தெரிகிறது. காரணம் மட்டும் தெரியவில்லை. போடுங்கள், இல்லையென்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

கேசியா

*

சித்தூர்
22-2-2025

கேசியா,

ஃபாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பேரை அடித்துவிட்டு ஜெயகுமாரி என்று எழுதியிருக்கிறேன். உன் அப்பாவும் இல்லாததால் நீதான் ஒரே வாரிசு. அனுமதி தரவேண்டியவள் நீயே. அட்டையில் இருப்பது தப்பு என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பேனாவை எந்தக் குரங்கும் பிடுங்கவில்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். யார் பாட்டு எழுதினாலும் நோட்டில் குழுத்தலைவர் பேர்தான் ஏறும். அட்டை பிரஸ்ஸுக்குப் போகும்போது கங்கையா கேட்டார், "எட்டுப் பாட்டும் யாருது?" ஏழு என்னுடையது. "எல்லாம் நம்மளுதுதான்" என்றேன். அட்டையைப் பார்த்துவிட்டு ஜெயா சொன்னாள்: "பரவால்லண்ணா, கர்த்தருக்குத்தானே பாடறோம்."

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. பாசஞ்சரில் அந்தப் பாட்டு எனக்கு எப்படி இறங்கியது என்று ஆலயத்தில் ஒவ்வொரு அறுப்பின் பண்டிகையிலும் மைக் பிடித்துச் சொன்னேன். வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. ஒரு வருஷம் தேவதூதன் கூட டிக்கெட் வாங்கிக்கினு ஏறினான். சபையே சிரிக்கும். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் உட்கார்ந்து கேட்டுக்கினு இருந்தாள். முதல் வருஷமே பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். தொண்டை சரியில்லை என்றாள். நான் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

உன் படத்தின் கேள்விக்குப் பதில் இதுதான். மன்னிப்பு கேட்க எனக்கு வழக்கமில்லை. முதல் தடவையாகக் கேட்கிறேன்.

மாமா

*

சித்தூர்
11-4-2025

கேசியாவுக்கு,

பென் டிரைவ் வந்தது. உறைக்குள் கடிதம் இருக்குமென்று மூன்று முறை உதறிப் பார்த்தேன்.

எதிர்வீட்டு பிரியங்கா அவளுடைய லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெயாவின் போட்டோ வந்து நாலு நிமிஷம் நின்றது. கீழே எழுத்து: "எழுதி, மெட்டமைத்துப் பாடியவர் ஜெயகுமாரி." நன்றி என்று போட்ட இடத்தில் கங்கையா இருந்தார். நான் இல்லை. சரிதான். பிரியங்கா கண்ணைத் துடைத்துக்கினு, "முடிஞ்சிடுச்சி தாத்தா" என்று எழுதிக் காட்டினாள்.

நீ பதில் போடவேண்டாம். முதல் கடிதத்தின் கணக்கை மட்டும் நேர் பண்ணிவிடுகிறேன். ஏழு நாய் பொய். ஒன்றுதான், அதுவும் கிழம். மலைப்படியில் ஜனம் நின்றது பொய். ரயில் பொய், குருவி பொய். பாசஞ்சரில் நான் எழுதினேன் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய்.

ஒரு சின்ன சங்கதி மட்டும் நிஜம். அவள் பேப்பரையே பார்க்கவில்லை.

சத்தியநாதன்