சோபாவின் பிளாஸ்டிக் உறை

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மூக்கு நலம்தானே?

கர்ப்பப்பையை எடுத்தபோது டாக்டரின் கத்தி மூத்திரப்பையிலும் பட்டது. பட்ட இடம் ஆறாமல் இரண்டு மாதம் மூத்திரம் ஒழுகியது. டாக்டராவது மன்னிப்புக் கேட்டார். நீங்களோ சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டு, "நாத்தம் தாங்கல, சரியானதும் சொல்லு, வர்றேன்" என்று அண்ணன் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கினீர்கள். பெரிய ஆம்பிளை!

மறுபடியும் ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று வாரம் டியூபோடு கிடந்தேன். உங்கள் அம்மாதான் தினமும் டியூபில் மாட்டிய பையைக் காலி செய்தார். ஒருநாளும் மூக்கைப் பொத்தவில்லை.

நேற்று டியூபை எடுத்துவிட்டார்கள். உறையில்லாத சோபாவில், நனையாத நைட்டியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். சரியானதும் சொல்லச் சொன்னீர்களே, சொல்லிவிட்டேன். வர வேண்டாம். உங்கள் துணிமணியெல்லாம் அந்த உறையில் மூட்டையாக வாசலில் இருக்கிறது. கட்டி வைத்தவர் உங்கள் அம்மா.

இப்படிக்கு,
அவருடைய மருமகள்