தாவணி ஊக்கில் ஓடிய மோட்டார்

அடி வாலு,

காலையில் முந்தானைக்கு ஊக்கு தேடினேன். டப்பாவின் அடியில், ஒன்றில் ஒன்று கோத்தபடி இரண்டு ஊக்குகள், கறுத்துப்போய். உன்னுடையவை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நீ இவற்றைக் கொடுத்த அன்றுதான் பத்தாம் வகுப்பில் எனக்குக் கடைசி நாள். மில் மூடி அப்பாவுக்கு வேலை போய்விட்டது. மறுநாள் முதல் நான் துணிக்கடைக்குப் போக வேண்டும். அன்றைக்கு அறிவியல் வகுப்பில் மோட்டார் செய்தோம். அது ஓடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பேட்டரி, காந்தம், செம்புக் கம்பிச் சுருள் எல்லாம் இருந்தன. சுருளைத் தாங்க ஊக்கு இல்லை. உன் தாவணியில் இருந்த இரண்டையும் கழற்றினாய்.

"என்னுத எடுத்துக்கோடி" என்றேன்.

"நீ பஸ்ல நசுங்கிப் போறவ. நான் சைக்கிள்ல பறக்கறவ. சும்மா இரு."

சுருள் அசையவே இல்லை. முந்தின நாள் அந்தக் கம்பியை நான்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன், பளபளவென்று. நீ முனையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"இதென்னாடி, குத்துவிளக்கா? மேல பூச்சு அப்டியே இருக்கு பாரு!"

டீச்சர் வந்து குனிந்தார். "பூச்சு இருந்தா கரண்ட் போவாதும்மா. ஒரு முனைய முழுசா சுரண்டு. இன்னொன்னு பாதி போதும்."

நீ பிளேடால் சுரண்டினாய். "ஒரு தட்டு தட்டுடி" என்றாய். விரல் நுனியால் தட்டினேன். சுற்றியது! கம்பியே தெரியாமல், செம்பு நிறத்தில் புகை மாதிரி. மணி அடித்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் தாவணியைத் தோளில் பிடித்துக்கொண்டு நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் சூடு ஆறாத ஊக்குகளைக் கோத்து என் பையில் போட்டாய்.

இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் முதலில் வயரின் முனையைத்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எத்தனை கல்யாணத்தில், எத்தனை கடைத்தெருவில் சந்தித்தோம். இதை மட்டும் கேட்காமலே விட்டேன். கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் கேட்கலாம் என்று வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், கையைத் தோளில் வைத்தபடி. எழுப்ப மனசு வராமல் திரும்பிவிட்டேன்.

ரெண்டு ஊக்கும் என்னிடம் இருக்க, கருவடிக்குப்பம் வரைக்கும் அந்தக் கடற்காற்றில், சைக்கிளில் எப்படிடி போனாய்?