கையில் கொடுத்த கத்தி

ஹட்டன் கடைத்தெருவில் அந்த இரும்புக்கடை முதலாளி, மடக்குக் கத்திகள் கிடந்த தட்டை என் முன்னால் இழுத்து வைத்ததும் மெஷின் எண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து, பஸ் போனால் போகட்டும் என்று நிற்பீர்களே, அப்படியே. எனக்கு எரிச்சல்தான் வந்தது. போய்ச் சேர்ந்த புருஷனை நினைத்தால் மற்றப் பெண்களுக்குக் கண் கலங்குமாம். எனக்கு முதலில் பல்தான் நறநறக்கிறது.

நான் கடைக்கு வந்ததே நீங்கள் விட்டுப்போன கத்தியால்தான். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே, ஊற்றிலிருந்து எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கறுப்புப் பைப் போன வாரம் வெடித்துவிட்டது. வெடித்த இடத்தை அறுத்தெடுத்துப் பொருத்தலாம் என்று உங்கள் கத்தியோடு மேலே ஏறினேன். அதன் வில் தேய்ந்து தளர்ந்து கிடப்பது எனக்குத் தெரியாததல்ல. பாதி அறுக்கையில் அலகு சடாரென்று மடங்கி என் ஆட்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. நுவரெலியாவில் வேலை செய்கிற நம் மகள் போனில் குதித்தாள்.

"அம்மா, அந்தக் கத்தியத் தூக்கி ஆத்துல போடுங்க. புதுசா ஒன்னு வாங்குனா என்ன கொறஞ்சா போயிரும்? அப்பா என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

விரலுக்குத் துணி சுற்றியிருந்த கையாலேயே போனை வைத்தேன். புதிதாக வாங்கச் சொன்னது நியாயம். ஆற்றில் போடச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என்னக்கா, அண்ணன் இருந்தா இன்னேரத்துக்கு அத்தனையையும் தெறந்து தெறந்து மூடி என் உசுர வாங்கியிருப்பாரு," என்றார் முதலாளி. அந்த மனிதருக்கும் உங்கள் மேல் என்னைப்போலவே தீராத எரிச்சல். சம்பளம் வாங்கிய கையோடு லிந்துலையிலிருந்து நாம் சாமான் வாங்க வருவோம். மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் தொடங்கும் உங்கள் கத்தி பார்க்கும் படலம். பார்ப்பதோடு சரி, வாங்குவது கிடையாது. நான் இரண்டு கையிலும் பைகளோடு வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நகத்தை வைத்துத் திறப்பீர்கள். பிறகு கூரைத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வந்து மறுபடி திறப்பீர்கள். "மழையில கை வெறச்சுப்போயி நிக்கும்போதும் தெறக்க வரணும் முதலாளி," என்று அவருக்கு விளக்கம் வேறு. அலகைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவீர்கள். மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அலகு பிடிக்குள் நேராக இறங்குகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நீங்கள் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் ஒரு குற்றம். கரண்டி, முள், போத்தல் திறப்பான் எல்லாம் சேர்ந்த சிவப்புக் கத்தியைக் காட்டினால், "இது கத்தியா, கல்யாண வீட்டு சமையக்கட்டா? வேண்டியதத் தேடி எடுக்கறதுக்குள்ள பைப்புத் தண்ணி கொழும்புக்கே போயிரும்," என்பீர்கள். பித்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற கறுப்புக் கத்திக்கு, "இதோட பொலிஸ்ல மாட்டுனா, ஆரஞ்சு உரிக்க வச்சிருக்கேன்னா நம்புவாங்களா?" விலை கூடினதை எடுத்தால், "இது தொலஞ்சா அழுவுறதுக்குன்னே தனியா லீவு போடணும்." மலிவானதோ லீக்ஸ் கட்டுகிற சணலைக்கூட அறுக்காதாம். இவ்வளவு பேசிவிட்டு, மறுநாள் காலையில் என் சமையல் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பைப் பார்க்க மலை ஏறிவிடுவீர்கள். நான் வெங்காயம் நறுக்க வந்தால் கத்தி ஊற்றடியில் இருக்கும்.

ஒரு தீபாவளி போய் அடுத்த தீபாவளி நெருங்கும்போது ஒருவழியாக வாங்கினீர்கள். மரப்பிடி, விரல் நீள அலகு, நம் கைக்கு அடங்கிய விலை. நீங்கள் முதல் நாளே எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்த அதே கத்தி. முதலாளி சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

கத்தி வந்ததும் என் கஷ்டம் தீரும் என்று நினைத்தேன். அதை என் கையில் கொடுக்கமாட்டேன் என்றீர்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். கீழேதான் வைப்பீர்கள், நான்தான் குனிந்து எடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் உங்கள் அளவுக்கு ஒருவரும் போனதில்லை. ஒருநாள் மழையில் பைப் பிடுங்கிக்கொண்டது. நீங்கள் மேலே ஊற்றுவாயை அடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே பீறிடுகிற முனையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "கத்தியத் தாங்க!" என்று கத்தினேன். இறங்கி வந்தீர்கள். பக்கத்தில் பாசி பிடித்த கல்லின் மேல் பயபக்தியோடு வைத்துவிட்டுத் திரும்ப ஏறினீர்கள். எடுக்கப் பிடியை விட்டேன். பைப் துள்ளி என்னைத் தலையோடு குளிப்பாட்டியது.

"கையில குடுத்தா என்னங்க?"

"சண்ட வரும் புள்ள."

"இப்ப நடக்கிறது என்ன, பூசையா?"

நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு உங்களை அந்தத் தண்ணீரிலேயே பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பழக்கத்தை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் மீறினீர்கள். ஆஸ்பத்திரியில், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆரஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். வார்டுக்குள் கத்தியைப் பார்த்த நர்ஸ் மிஸ் பதறிப்போனார். "பிஹிய கெதர அரன் யன்ன," என்றார் என்னிடம் சிங்களத்தில், கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி. நீங்கள் அதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து மடக்கினீர்கள். வழக்கம்போல வைப்பீர்கள் என்று நான் சின்ன மேசையிலிருந்த கோப்பையைக்கூட நகர்த்தி இடம் விட்டேன். நீங்கள் மேசையைப் பார்க்கவே இல்லை. என் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டீர்கள்.

"என்னங்க, சண்ட வருமே?"

"வந்தா வரட்டும். வீட்டுக்கு வந்து வச்சுக்குவோம்."

கத்தியோடு நான் மட்டும் பஸ் ஏறினேன். நீங்கள் வரவில்லை. சொன்ன பேச்சை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிற மனிதரை என்ன செய்வது? அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு இறங்கவில்லை.

முதலாளி ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் மேல் எடுத்து வைத்தார். நான் குடையில் வழிந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு ஒன்றைத் திறந்தேன். ஆட்டிப் பார்த்தேன். மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன்.

"அக்கா, நீங்களுமா!" என்று அவர் தலையில் கை வைத்தார்.

உங்கள் கத்தி பார்க்கும் பைத்தியம் எல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கறுப்பைப் பார்த்ததும் பொலிஸும் ஆரஞ்சும் என் வாயிலும் வந்தது. லிந்துலை பஸ்ஸும் போய்விட்டது. கடைசியில் எடுத்தது மரப்பிடி, விரல் நீள அலகு, நடுத்தர விலை. ஒரே ஒரு வித்தியாசம், திறந்ததும் அலகு மடங்காமல் லொக் ஆகிக்கொள்ளும். "லொக்கு எதுக்கு, அதுவும் ஒருநா தேய்ஞ்சுதானே போகும்," என்று இந்த மாதிரியைத் தள்ளிவைத்தது நீங்கள்தான். துணி சுற்றிய இந்த விரலைக் காட்டிச் சொல்கிறேன், நீங்கள் சொன்னது தப்பு. சுத்தத் தப்பு. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்கிற ஆள் கிடையாது. ஆனால் சும்மாதான் இருக்கிறீர்கள்.

மகள் சொன்னபடி ஆற்றில் போடவில்லை. என் கம்பளிச் சட்டையின் வலது பையில் புதியது, வேலைக்கு. இடது பையில் உங்களுடையது, மடக்கியபடி. அதை இனி ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டேன், கீழேயும் வைக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து வச்சுக்குவோம் என்றீர்களே, அந்தச் சண்டை எனக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது.