இன்வர்ட் என்றால் கவிழ்ப்பதா?

அன்புள்ள அம்மாவுக்கு எலுனெட் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? அப்பா முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாரா? நான் நலம், கோபம் மட்டும் அடங்கவில்லை.

சனிக்கிழமை எங்கள் ஓட்டலில் ஒரு கல்யாணம். விருந்தினரின் பெயர்ச் சீட்டு கட்டிய நாற்காலி வரிசைகளை ‘இன்வர்ட்’ செய்யச் சொல்லிவிட்டு மேலாளர் பிரென்டிஸ் போய்விட்டார். தரை துடைக்கத்தான் என்று நினைத்து, எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். உள்ளே வந்த விருந்தினர் சிரித்தார்கள். மணப்பெண்ணின் தாய் அழுதேவிட்டார்.

“முன் வரிசையைப் பின்னாடி போடச் சொன்னா, கவுத்தா வைப்ப? வேல்ஸ்காரிக்கு இங்கிலீஷும் வராதா?” என்று எல்லோர் முன்னும் பிரென்டிஸ் கத்தினார்.

“அதுக்கு ‘ரிவர்ஸ்’னு சொல்லணும் சார். ‘இன்வர்ட்’னா தலைகீழா கவுக்கறதுதான்!” என்றேன்.

பிறகு அகராதியைப் பார்த்தேன். வரிசையை மாற்றுவதும் ‘இன்வர்ட்’தானாம்! அவர் சொன்னதும் சரி, நான் செய்ததும் சரி. அப்படியிருக்க என் ஊரை எதற்கு இழுக்க வேண்டும்? அந்தத் தாயிடம் மனதார மன்னிப்புக் கேட்டேன். பிரென்டிஸிடம் கேட்க மறுத்துவிட்டேன். மறுநாளே என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்.

ரப்பர் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள், இங்கே தருவது கிழிசல். ஃபோன் செய்யும்போது நம் வெல்ஷ் மொழியில் கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள், அம்மா, திட்டினாலும் பரவாயில்லை. கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

எலுனெட்