உன் மகளிடம் நீ சொல்லாமல் போனது

அண்ணே,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, உன் மகளின் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டது. பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினால் இடுப்புவரை ஈரம் ஏறிவிடும் என்பதால், கொழுந்து வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் இப்படி ஒரு தாளைச் சுற்றிக்கொள்வார்கள். கயலுக்கு முதுகுப் பக்கம் முடிச்சு எட்டவில்லை. இறுக்கிக் கட்டச் சொன்னாள், நேற்று பாதி மலையில் நழுவிவிட்டதாம். குனிந்து கட்டினேன். அந்தத் தாளில் காயாத ஈரமும் இலைச்சாறும் கலந்த புளித்த வாடை. நம் அம்மா வேலை விட்டு வரும்போது அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்து நிற்குமே, அதே வாடை.

அம்மா வேலையிலிருந்து நின்ற அன்று, அவள் தாளை லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கொண்டுபோய் நீ கொளுத்தினாய். கரும்புகை எழுந்து, காயப்போட்ட துணியெல்லாம் கெட்டுப்போனதென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டினார்கள். "இனிமே நம்ம வீட்டுல யாரும் இதக் கட்ட வேணாம்" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாய். இன்று நான் கட்டிவிட்டேன். உன் பெண்ணுக்கு.

இப்போது தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மதிய இடைவேளை. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உனக்கு இதுவரை நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதத் தேவையும் இருந்ததில்லை. கோலா தெர்லாவிலிருந்து வாரம் ஒருமுறை லோரியில் வந்து, என் அடுப்படியில் தேநீர் குடித்து, என்னையும் நான் பார்க்கும் உத்தியோகத்தையும் கிண்டல் செய்துவிட்டுப் போவாய்.

உன்மேல் எனக்குக் கோபம். அது எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்தால் நிறுவைக் கொட்டகையில்தான் போய் நிற்கிறது.

நீ நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தாய். தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவன் என்பதற்காக மலாய் பழகப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்காரவைத்தார்கள், அதையும் தாண்டி வகுப்பில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தாய். பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சீருடையோடு நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவாய், அம்மாவின் கூடையைத் தராசில் தூக்கிவைக்க. நான் உன் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நிற்பேன். அன்று எடைக் கணக்கு எழுதும் கிராணி முள்ளைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலத் தண்ணீர்க் கழிவு என்று எடையைக் குறைத்துப் போட்டார். மழையில் நனைந்த கொழுந்து கூடுதலாக எடை காட்டும், அதற்காகக் கழிப்பது தோட்டத்து வழக்கம். ஆனால் அன்று கண் கூசுகிற வெயில். அம்மா காலிக் கூடையை எடுக்கக் குனிந்தாள். நீதான் மழையே பெய்யவில்லையே என்று கேட்டாய்.

கிராணி கோபப்பட்டிருந்தால் எல்லாமே வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அவர் சிரித்தார். உன் தோளைத் தட்டினார்.

"கெட்டிக்காரப் பையன்லா இவன். நல்லாப் படி தம்பி. எனக்கப்புறம் இந்த நாற்காலி ஒனக்குத்தான்."

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் அம்மாவைப் பெருமையோடு பார்த்தார்கள். அம்மாவும் சிரித்தாள். குறைந்துபோன எடையை மறந்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாய்.

மறுநாள் நீ சீருடை போடவில்லை. அப்பா அடித்தார். கங்காணி வந்து புத்தி சொன்னார், கோயில் பூசாரி வந்து சொன்னார், அடுத்த லயத்துப் பெரியவர்கள் வந்து சொன்னார்கள். எல்லாரும் அந்த ஒரே நாற்காலியைத்தான் சொன்னார்கள். படித்தால் வேறு எங்கே போகலாம் என்று அந்தத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அம்மா கூடையில கை வைக்கிறதுக்குத்தான் படிப்புன்னா எனக்கு அது வேணாம்" என்று நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். வெறுத்தது ஒரு நாற்காலியை. விட்டது பள்ளிக்கூடத்தை.

கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் காய்கறித் தோட்ட வேலைக்குப் போனாய். முதுகொடிய உழைத்தாய், அதை யாரும் மறுக்க முடியாது. வயதானதும் தவுக்கே தன் நிலத்தில் ஒரு துண்டை உனக்கு விட்டுக்கொடுத்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. எழுதி வாங்கு என்று நான் சொன்னதற்கு, எழுதிக்கொடுத்து ஏமாற்றியவர்களைத்தான் அதிகம் பார்த்திருப்பதாகச் சொன்னாய். என்னை மட்டும் படிக்க விட்டாய். ஈப்போவில் கல்லூரி விடுதிக்கு முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போனவன் நீ. வழி முழுக்கச் சிரிப்பு. "போய்ட்டு வா கிராணியம்மா. நம்ம வீட்டுக்கும் ஒரு ஆளு வேணும்ல, தராசப் பாக்க." படித்து முடித்து, சுற்றிச் சுற்றி, இதே தோட்டத்து ஆபீஸுக்கு நான் வந்து சேர்ந்தபோது அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கழிவு இன்னும் இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டர் கழிக்கிறது. உன் மகளின் கொழுந்திலிருந்தும்.

உன் வாழ்க்கையை நீ அப்படி அமைத்துக்கொண்டதைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. பட்டாய், நிமிர்ந்தாய், அது உன் பாடு. கயல் விஷயம் வேறு. அண்ணி இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. பள்ளியில் சேர்க்கும் வயது வந்தும் நீ சேர்க்கவில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் மழைச் சேற்றில் மோட்டார் சைக்கிள் வழுக்க வழுக்க உன் தோட்டத்துக்கு ஏறி வந்தார். பிள்ளையைச் சேர்க்காமல் இருப்பது சட்டப்படி தப்பு, ஆனால் மேலே புகார் சொல்ல எனக்கு மனமில்லை, நீங்களாக அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அதை என் அடுப்படியில் நடித்துக் காட்டினாய்.

"புள்ளைக்காகவா வந்தாரு? ஸ்கூல்ல தலை கொறையுது, அதான். ரெண்டு முட்டைக்கோஸ் குடுத்து அனுப்பிட்டேன். நல்ல மனுசன், வாங்கிக்கிட்டாரு."

நானும் சிரித்தேன், அண்ணே. உன் பேச்சில் அப்படி ஒரு ருசி இருந்தது.

நீ அவளை ஏனோதானோ என்று வளர்க்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழும் கணக்கும் நீயே சொல்லிக்கொடுத்தாய். ஈப்போவில் பழைய புத்தகக் கடையில் அவளுக்கென்று கிலோக் கணக்கில் ஆங்கிலப் புத்தகங்கள் வாங்கினாய். பத்து வயதில் அவள் நாற்று ஒட்டுவாள், பம்பைக் கழற்றி மாட்டுவாள், யாரிடமும் பயமில்லாமல் பேசுவாள். கோலாலம்பூரிலிருந்து காய்கறி வாங்க வந்த ஒரு குடும்பம் அவளைப் படம் எடுத்துக்கொண்டு, பிள்ளை என்றால் இப்படித்தான் வளர வேண்டும் என்று உன் கையைப் பிடித்துக் குலுக்கியது. பிறகு தங்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் நேரமாகிவிட்டதென்று மணி பார்த்துக்கொண்டே காரில் ஏறியது. நீ வாரக்கணக்கில் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய், மறுபாதியைக் கயல்தான் சொன்னாள்.

தக்காளிக் கொட்டகைக்குள் உன் நெஞ்சு நின்றது. காரியம் முடிந்த கையோடு தவுக்கேயின் பிள்ளைகள் வந்து மரியாதையாகவே நிலத்தைக் கேட்டார்கள். காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. கயலை என் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தேன். பிறகு வேலை தேடினோம். பிரிஞ்சாங்கில் ஹோட்டல், கம்போங் ராஜாவில் பூ ஏற்றுமதிக் கிடங்கு, தானா ராத்தாவில் ஒரு கிளினிக் கவுண்டர். எல்லாரும் அவளிடம் நன்றாகத்தான் பேசினார்கள். பேசி முடித்ததும் "சிஜில் அடா?" என்று சான்றிதழைக் கேட்டார்கள். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை, ஆறாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லை என்றதும், இப்படி ஒரு தமிழ்ப்பிள்ளை எங்கே ஒளிந்திருந்தது என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். என்னை, அண்ணே. நீ யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சான்றிதழ் கேட்காத ஒரே இடம் இந்தத் தேயிலை மலைதான். இயந்திரம் ஏற முடியாத சரிவுகளில் கத்தரியால் வெட்டுகிறாள். கூட இருப்பவர்கள் வங்காளதேசத்து ஆட்கள், நேப்பாளத்து ஆட்கள். அவள் வயதில் தமிழ்ப் பெண் இவள் ஒருத்தி. சம்பள நாளில் கங்காணி என் ஜன்னல் பக்கம் நின்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார், "வாத்தியாருக்கே முட்டைக்கோஸ் குடுத்தாராமே, அவரு மக. கையி சுறுசுறுப்புதான், கொறை சொல்லக் கூடாது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள். அவள் சிரிப்பில் நான் அம்மாவைப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

எஸ்.பி.எம். தேர்வைத் தனித் தேர்வராக எழுதலாம் என்று அவளிடம் பலமுறை சொல்லிவிட்டேன். மலாயும் சரித்திரமும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது, அதற்கு ஆள் வைத்துப் படிக்கலாம், இரண்டு வருடம் ஆனாலும் ஆகட்டும் என்றேன். சிரித்து மழுப்பிக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் அவளை நிரந்தரப் பதிவில் சேர்க்கப்போகிறார்கள். சேர்ந்துவிட்டால் அந்தச் சம்பளம் அவளைப் பிடித்துக்கொள்ளும். வெட்டுக் கையாகவே வயதாகிவிடும். அதனால் நேற்று மாலை விடாமல் கேட்டேன். கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா கடைசி வரைக்கும் யாருக்கும் தலை குனியல. இப்ப நான் போய் எழுதுனா, அவரு தோத்த மாதிரி ஆயிரும் அத்தை."

"ஒனக்கு ஆசை இல்லையா?"

"ஆசை இருந்தா மட்டும்? அவருக்குன்னு வேற யாரு இருக்கா, நான் நிக்காம?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கத்துக்கு மாறாகத் தனியாக வந்தாய். கிண்டல் இல்லை. தேநீரை ஆறவிட்டுவிட்டு, தினமும் காலையில் உன் தோட்டத்துக்கு முன்னால் போகும் பள்ளி வேனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். அது வரும் நேரத்தில் கயல் தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட்டு, கொட்டகை வலைக்கு அந்தப் பக்கம் அது வளைவில் மறையும்வரை நிற்கிறாளாம். முதலில் களைப்பாக இருக்கும் என்று நினைத்தாயாம். பிறகு கவனித்தால், பள்ளி விடுமுறையில் அவள் நிற்பதில்லை.

"எத்தன வருசமா நிக்கிறாளோ தெரியல. நாந்தான் பாக்கல."

நீ அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, இந்த வயதில் அவளை எஸ்.பி.எம். எழுதவைக்க என்ன வழி என்று கேட்டாய். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்தாய்.

"நீ வாயத் தொறக்காத. நான் செஞ்சது தப்புன்னு என் வாயால அவகிட்ட சொல்லணும். சத்தியம் பண்ணு."

தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாய். அடுத்த வாரம் வந்தாய், சொல்லியிருக்கவில்லை. அதற்கடுத்த வாரம் லோரி ரிப்பேர் என்றாய். மழை என்றாய், தக்காளிக்கு நோய் என்றாய். அன்று கிராணியிடம் பேச இருந்த வாய் பெற்ற பெண்ணிடம் வரவில்லை. சொல்லாமலே போய்விட்டாய்.

நான் சத்தியத்தைக் காத்தேன். உண்மையைச் சொன்னால், சத்தியத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. அம்மா இல்லை, நிலம் இல்லை, கையில் ஒரு சான்றிதழ் இல்லை. அப்பா செய்தது சரி என்ற நினைப்பு ஒன்றுதான் அந்தப் பெண்ணிடம் மீதி இருந்தது. அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடமாக அவள் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டு, இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். நேற்றுதான் புரிந்தது. நீயே கைவிட்ட ஒன்றுக்காக அவள் அந்தச் சரிவில் நிற்கிறாள். உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

ஆகவே, அண்ணே, உனக்குச் செய்த சத்தியத்தை நான் உடைக்கப்போகிறேன். கைகால் கழுவிக்கொண்டு வந்து அவள் உட்கார்ந்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒன்றுவிடாமல் சொல்வேன். அவள் வேனைப் பார்த்து நின்றதை நீ பார்த்தாய் என்பதையும் சொல்வேன். அவள் உன்னை வெறுத்தால் வெறுக்கட்டும். இத்தனை நாள் மறைத்ததற்காக என்னையும் வெறுக்கட்டும். உனக்காக நிற்பதை அவள் நிறுத்தினால் போதும்.

இன்று மாலையே சொல்லிவிடுவேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். தடுக்க நீ இல்லை.