மூன்றாவது வால்வு

10 ஜூன் 1996, திங்கள்
காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று, சாரல். ஜன்னலைச் சாத்தியும் லேப்பில் குளிர்.
லேப் உதவியாளரான எனக்கு அதே வேலை. கண்ணாடி இழையில் மஞ்சள் சாயம் பூச்சு, ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் மீட்டர். அம்மோனியா ஆவி பட்டால் சாயம் ஊதாவாகும், ஒளி குறையும், முள் இறங்கும். இறங்கினால்தானே! என் மூக்குக்குத் தெரிவதுகூடக் கருவிக்குத் தெரியவில்லை.
"இழையை வளைச்சா ஒளி சாயத்துல அதிகம் படுங்க, பாக்கலாங்களா சார்?" என்றேன்.
பேராசிரியர்: "பி.எச்டி. வாங்குனது நானா, நீயா?" எம்.எஸ்சி. பெண்கள் இருவர் சிரித்தார்கள்.
வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், அம்மாவுக்குத் தைலம்.

12, புதன்
பேரா. விடுப்பு. பர்னர் தீயில் இழையை வளைத்தேன். நான்கு ஒடிந்தன. ஐந்தாவது நின்றது, கொண்டை ஊசி மாதிரி. சாயம் மெல்லிசாக ஒரே பூச்சு. பாட்டிலை மேசையின் மறுகோடியில் திறந்தேன். மூக்குக்கு வாசம் வருவதற்குள் முள் சரிந்தது!

13, வியாழன்
பேரா. வளைத்த இழையைப் பார்த்தார். மதியம் டீனிடம் போனில்: "நான் வளைச்சுப் பாத்தேனுங்க, நல்லா வேலை செய்யுதுங்க." பக்கத்தில்தான் நின்றேன். இந்த ஆளை வெறுக்கிறேன். எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கப்போவதில்லை.

14, வெள்ளி
ஐஸ் கம்பெனியில் சோதனை. முதலாளி, பேரா.வின் மனைவிக்கு அண்ணன். குளிரூட்டும் குழாயெல்லாம் அம்மோனியா. கருவியைக் குழாயோரமாக நகர்த்தினேன். மூன்றாவது வால்வில் முள் அடியோடு விழுந்தது.
முதலாளி, வாசலைத் தாண்டாமலே: "ஏனுங்க மாப்பிள்ளை, மிசின் கோளாறுங்களா?"
"புதுசுங்க மச்சான். அப்படித்தான் காட்டும்."
ஐஸ் அள்ளும் ரங்கம்மா, கண் இரண்டும் சிவப்பு, என் காதருகே: "பொழுதுக்கும் கண்ணு எரியுதுங்க அம்மணி. சொன்னா நடிக்கறேங்கறாங்க."

15, சனி
பேரா. அறிக்கையை நீட்டினார். 'கசிவு இல்லை.' சோதித்தவர்: என் பெயர். மூன்று வருடத்தில் முதல் முறை!
"கையெழுத்துப் போடு."
'இல்லை'யை அடித்தேன். 'மூன்றாவது வால்வில் உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
"திங்கக்கிழமையில இருந்து இந்தப் பக்கம் வராதே."
அறிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஜெராக்ஸ் கடை. அங்கிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம். நகலைக் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

18, செவ்வாய்
பேரா. லேப் பூட்டை மாற்றிவிட்டார். என் நோட்டுகள் உள்ளே.
பிற்பகல் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். வாசலில் ஆய்வாளர் ஜீப். உள்ளே இயந்திரச் சத்தம் இல்லை. ரங்கம்மா ஓடிவந்தாள்.
"வால்வைக் கழட்டிப்போட்டாங்க அம்மணி!"
ஜீப்புக்குப் பின்னால் பேரா. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை.